சிடுசிடுக்கும் கோச்சிடம் கேள்வி கேட்பது எப்படி?

கூடைப்பந்து செய்தி சேகரிக்கப் போகிற எல்லோருக்கும் ஒருநாள் இது நடந்தே தீரும். நீங்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள். கோச் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு, ‘இன்னும் என்ன?’ என்பதுபோல் உங்கள் முகத்தையே பார்ப்பார். சுற்றிலும் கேமராக்கள், மற்ற பத்திரிகைக்காரர்கள். தயாராக வைத்திருந்த அடுத்த கேள்வி தொண்டையோடு நின்றுவிடும். நமக்கு இந்த வேலை ஒத்துவராது என்று அன்றிரவு தோன்றும். அப்படி முடிவுகட்டிவிடாதீர்கள். முன்கோபக்கார கோச்சிடம் பதில் வாங்குவது பழகினால் வந்துவிடும். அதற்கு எங்கிருந்து தொடங்குவது, எதில் கறாராக இருப்பது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பாடம் படிக்க ஒரே ஆளை எடுத்துக்கொள்வோம். என்பிஏ என்கிற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில் ஆடும் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் கிரெக் பாபோவிச். 1996 டிசம்பரில் அந்த அணியின் தலைமை கோச் ஆனார். 2025 மே மாதம் பொறுப்பிலிருந்து விலகும்வரை அதே அணிதான். 1999, 2003, 2005, 2007, 2014 என்று ஐந்து முறை என்பிஏ பட்டம். லீக் ஆட்டங்களில் 1,422 வெற்றிகள்; என்பிஏ வரலாற்றில் வேறு எந்த கோச்சும் இவ்வளவு ஜெயித்ததில்லை. நிருபர்களைத் திணறடித்ததிலும் அவருக்கு இணையாக ஒருவரைச் சொல்வது கஷ்டம். ஆனால் அதே மனிதரிடம் பத்து நிமிடம் நீளும் அருமையான பதில்களை வாங்கியவர்களும் உண்டு. இரண்டு தரப்பையும் கவனித்தால் நமக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிடும்.

முதலில்: எரிச்சல் யார்மேல் என்று கண்டுபிடியுங்கள்

பாபோவிச்சின் பெயர்போன சிடுசிடுப்பில் பெரும்பகுதி ஒரே இடத்தில் நடந்தது. குவார்ட்டர் (ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் ஒன்று) முடிந்ததும் ஆடுகள ஓரத்தில் எடுக்கப்படும் தொலைக்காட்சிப் பேட்டி அது. நாடு முழுக்க ஒளிபரப்பாகும் என்பிஏ ஆட்டங்களில் முதல் குவார்ட்டர் முடிவில் ஒரு கோச்சும் மூன்றாவது முடிவில் இன்னொரு கோச்சும் மைக் முன்னால் வந்து பேசியாக வேண்டும். பெரும்பாலும் இரண்டே கேள்விகள்.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். அவரது ஆட்டக்காரர்கள் பெஞ்சுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். அடுத்த குவார்ட்டருக்கு யாரை இறக்குவது, எதிரணியின் எந்த ஆட்டக்காரரை யார் மறிப்பது என்று துணை கோச்சுகள் பேசத் தொடங்கிவிட்டார்கள். தலைமை கோச் மட்டும் அவர்களுக்கு முதுகைக் காட்டி, ஒளிவிளக்கு முன் நின்று, “உங்கள் அணி நன்றாக ஆடுவதில் சந்தோஷமா?” என்ற கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டிருக்கிறார். கண் தரையில், கை கட்டியபடி. ஒரு முறை இப்படிக் கேட்கப்பட்டபோது, ஆட்டத்தின் நடுவில் சந்தோஷம் என்ற சொல்லுக்கே இடமில்லை, வேறு சொல் தேடுங்கள் என்கிற மாதிரி பதில் சொன்னார் பாபோவிச். பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது நியாயமான பதிலாகவே படுகிறது.

தொலைக்காட்சி இவ்வளவு உரிமை எடுத்துக்கொள்வது லீக்குக்கு வரும் ஒளிபரப்புப் பணத்தால்தான். 2012 நவம்பரில் மயாமியில் ஒரு பெரிய ஒளிபரப்பு ஆட்டம். அதற்கு முன்பு டங்கன், பார்க்கர், ஜினோபிலி, டேனி கிரீன் என்ற முக்கிய ஆட்டக்காரர்கள் நால்வருக்கும் ஓய்வு கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார் பாபோவிச். அன்றைய என்பிஏ தலைவர் டேவிட் ஸ்டெர்ன் ஸ்பர்ஸ் அணிக்கு 2,50,000 டாலர் அபராதம் போட்டார். பாபோவிச்சுக்கும் ஒளிபரப்புக்கும் இடையே இந்த இழுபறி எப்போதும் இருந்தது. மைக்கை நீட்டுகிற நிருபர் அதன் நடுவில் அகப்பட்டுக்கொண்டவர், அவ்வளவுதான்.

ஆகவே ஒரு கோச் உங்களிடம் வெடுக்கென்று பேசினால் உடனே மனசு நோகாதீர்கள். நேரம் தப்பா, இடம் தப்பா, நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனம் போன வாரம் எழுதிய ஏதோ ஒன்றா, இல்லை உங்கள் கேள்வியே தப்பா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். முதல் மூன்றும் உங்கள் கையில் இல்லை. நான்காவது முழுக்க உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஆளைப் பற்றிப் படியுங்கள்

பெயரையும் வெற்றிக் கணக்கையும் மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். பாபோவிச் அமெரிக்க விமானப்படை அகாடமியில் சோவியத் ஆய்வுகள் படித்து 1970-இல் பட்டம் வாங்கியவர். அமெரிக்க ஆயுதப்படை அணிக்காகக் கிழக்கு ஐரோப்பாவிலும் சோவியத் யூனியனிலும் ஆடியவர். பிறகு கலிபோர்னியாவில் பொமோனா-பிட்சர் என்ற சின்னக் கல்லூரி அணிக்கு கோச் ஆனார். அங்கே முதல் சீசனில் 2 வெற்றி, 22 தோல்வி. தோல்வி அவருக்குப் புதிதல்ல என்று தெரிந்துகொண்டு போனால், தோற்ற இரவில் நீங்கள் கேட்கும் கேள்வியின் தொனியே மாறிவிடும்.

ஸ்பர்ஸ் அணியின் லாக்கர் அறையில் பத்திரிகையாளர் ஜேக்கப் ரீஸ் எழுதிய ஒரு வாசகம் மாட்டப்பட்டிருந்தது. கல் உடைப்பவன் நூறு முறை அடித்தும் கீறல்கூட விழாது. நூற்றியோராவது அடியில் பிளக்கும். பிளந்தது அந்தக் கடைசி அடியால் மட்டுமல்ல, முன்னால் விழுந்த எல்லா அடியாலும்தான் என்பது அதன் சாரம். அர்ஜென்டினா, பிரான்ஸ் என்று பல நாட்டுக்காரர்கள் ஆடிய அணி என்பதால் அவரவர் மொழியிலும் அதை மாட்டியிருந்தார்கள். இப்படி நினைக்கிற ஒருவரிடம் போய் “இன்றைய வெற்றியின் ரகசியம் என்ன?” என்று கேட்டால் என்ன பதில் வரும்? பழக்கம், உழைப்பு, அன்றாடப் பயிற்சி பற்றிக் கேளுங்கள். பேசுவார்.

வாய் திறக்காதவர் என்று எவரையும் முத்திரை குத்திவிடவும் வேண்டாம். குவார்ட்டர் இடைவேளையில் ஒற்றைச் சொல் சொல்லும் இதே பாபோவிச்தான் 2017 அக்டோபரில் ‘தி நேஷன்’ இதழின் டேவ் ஜைரினைத் தானாகவே போனில் அழைத்தார். போரில் இறந்த வீரர்களின் குடும்பங்களைப் பற்றி அதிபர் டிரம்ப் சொன்னதை எதிர்த்துக் கொட்டித் தீர்த்தார். விமானப்படையில் இருந்தவருக்கு அது எவ்வளவு உறைத்திருக்கும் என்பது அவர் வரலாறு தெரிந்தவருக்குப் புரியும்.

ஆட்டத்தைப் படியுங்கள்

இது சின்ன விஷயம், ஆனால் தவிர்க்க முடியாதது. ஸ்கோர்ஷீட் கைக்கு வந்ததும் புள்ளிகளைத் தாண்டிக் கீழே போங்கள். டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது) எத்தனை, எதிரணிக் கூடையின் கீழ் எடுத்த ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எத்தனை, ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லா வீச்சு) எத்தனை, பெஞ்சிலிருந்து வந்தவர்கள் எவ்வளவு நேரம் ஆடினார்கள். பிறகு உங்கள் நோட்டில், எதிரணி தொடர்ச்சியாகப் புள்ளி எடுத்த இடத்துக்குப் பக்கத்தில் அந்த நேரத்தில் களத்தில் நின்ற ஐந்து பேரின் பெயரை எழுதுங்கள். ஆட்டம் ஓடும்போதே எழுதிவிட வேண்டும். முடிந்தபிறகு ஞாபகம் வராது. உருப்படியான கேள்விகளில் பாதி அந்த ஓரக் குறிப்பிலிருந்துதான் பிறக்கும்.

கேள்வியை எழுதுங்கள், அடித்துத் திருத்துங்கள்

இதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

“இன்றைய டிபென்ஸைப் பற்றிச் சொல்லுங்களேன்” என்பதில் கேள்வியே இல்லை. நிருபர் செய்ய வேண்டிய வேலையை கோச் தலையில் இறக்கி வைப்பதாகத்தான் அர்த்தம். பொறுமைசாலி கோச் எதையாவது சொல்லி நிரப்புவார். பொறுமை இல்லாதவர், உங்கள் கேள்வி என்ன என்று திருப்பிக் கேட்பார். “இப்போது எப்படி ஃபீல் பண்றீங்க?” என்பது அதைவிட மோசம். தமிழ்த் தொலைக்காட்சியில் இதைக் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. தோற்ற கோச்சுக்கு வருத்தமாக இருக்கும், ஜெயித்தவருக்கு நிம்மதியாக இருக்கும். இதைத் தெரிந்துகொள்ள மைக் எதற்கு?

உணர்ச்சியை விட்டுவிட்டு முடிவைக் கேளுங்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் கோச் நூற்றுக்கணக்கான முடிவுகளை எடுக்கிறார். யாரை உட்கார வைத்தார், எப்போது டைம்அவுட் எடுத்தார், எப்போது எடுக்காமல் விட்டார், எந்த ஆட்டக்காரரை இரண்டு பேர் சேர்ந்து மறிக்கச் சொன்னார். அவர் மண்டைக்குள் ஓடிய கணக்கு இவற்றில்தான் இருக்கிறது. வாசகருக்கும் அதுதான் வேண்டும்.

2013 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மயாமி ஹீட்டுக்கு எதிராக ஸ்பர்ஸ் 3-2 என்று முன்னிலை. அந்த ஆட்டத்தை ஜெயித்தால் பட்டம். கடைசி அரை நிமிடம் தொடங்கும்போது ஐந்து புள்ளி முன்னிலை வேறு. பட்டம் வழங்கும் விழாவுக்காக ஆடுகளத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டத் தொடங்கிவிட்டார்கள். கடைசி நொடிகளில் 95-92 என்று இருந்தபோது டிம் டங்கன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மயாமியின் லெப்ரான் ஜேம்ஸ் எறிந்தது தவறியது. ரீபவுண்டை அவர் அணியின் கிறிஸ் பாஷ் பிடித்து மூலையில் நின்ற ரே ஆலனிடம் தள்ளினார். 5.2 நொடி மீதமிருக்க மூன்று புள்ளி விழுந்தது. கூடுதல் நேரத்தில் மயாமி 103-100 என்று ஜெயித்து, ஏழாவது ஆட்டத்தையும் வென்று பட்டத்தைத் தூக்கிப் போனது.

அன்றிரவு பாபோவிச்சைக் கேட்டே ஆகவேண்டிய கேள்வி ஒன்றுதான். உங்கள் அணியிலேயே ரீபவுண்டுக்குப் பேர்போனவரை ஏன் உட்கார வைத்தீர்கள்? இதை மூன்று விதமாகக் கேட்கலாம்.

“டங்கனை எடுத்தது தப்பு என்று இப்போது தோன்றுகிறதா?” இதற்கு ஆம், இல்லை என்று இரண்டே பதில்தான். இரண்டுமே உங்களுக்கு உபயோகப்படாது. மேலும், தீர்ப்பை எழுதிவிட்டுக் கையெழுத்துக்கு நீட்டுவது போல் இருக்கிறது.

“கடைசி நேரத்தில் என்ன நடந்தது?” இது கோழைத்தனமான கேள்வி. என்ன நடந்தது என்று உலகமே பார்த்தது.

“கடைசித் தற்காப்பில் டங்கன் பெஞ்சில் இருந்தார். மூன்று புள்ளி வீச்சைத் துரத்தித் தடுக்கிற வேகம் ஒரு பக்கம், ரீபவுண்ட் எடுக்கிற உயரம் இன்னொரு பக்கம். இரண்டையும் எப்படி எடைபோட்டீர்கள்?” இது கேள்வி. எந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரிகிறது. அவர் முன்னால் இரண்டு வழி இருந்தது என்பது உங்களுக்கும் புரிந்திருக்கிறது என்பதும் தெரிகிறது. கோபம் வரலாம், ஆனாலும் பதில் சொல்லாமல் நழுவ முடியாது. கடினமான கேள்வியை மென்மையாக்கச் சொல்வதாக நினைக்க வேண்டாம். கூர்மையாக்கத்தான் சொல்கிறேன்.

ஒரு மூச்சில் ஒரே கேள்வி என்பதையும் பழகிக்கொள்ளுங்கள். மூன்றைச் சேர்த்துக் கேட்டால் தனக்கு வசதியானதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார். முன்னுரை ஒரு வாக்கியத்துக்கு மேல் போகக்கூடாது. “நீங்கள் பெரிய கோச், உங்கள் சாதனை அபாரம்” என்று ஆரம்பிப்பதையும் விட்டுவிடுங்கள். பாராட்டைக் கேட்டுக் கரைகிறவர்கள் இந்த வகை கோச்சுகளில் அபூர்வம்.

எண்ணோடு போக வேண்டிய கேள்விக்கு எண்ணோடு போங்கள். 2009 பிப்ரவரியில் கனெடிகட் பல்கலைக்கழக அணியின் கோச் ஜிம் கல்ஹூனிடம் ஆட்டத்துக்குப் பிந்தைய சந்திப்பில் ஒருவர் அவருடைய 16 லட்சம் டாலர் சம்பளத்தைப் பற்றிக் கேட்டார். மாநில அரசு பணமில்லாமல் தவித்த நேரம். கல்ஹூன் ஒரு காசும் திருப்பித் தரமாட்டேன் என்றார், தன் அணி பல்கலைக்கழகத்துக்கு 1.2 கோடி டாலர் சம்பாதித்துத் தருகிறது என்றார், முதலில் விவரம் தெரிந்துகொண்டு வாருங்கள் என்று சத்தம் போட்டார். பொதுப்பணத்தில் சம்பளம் வாங்குகிறவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதில் தவறே இல்லை. யாராவது கேட்டே ஆகவேண்டும். ஆனால் அந்த அணியின் வரவுசெலவுக் கணக்கை முன்கூட்டியே வாங்கிக் கையில் வைத்திருந்தால், 1.2 கோடி என்று அவர் சொன்ன நொடியிலேயே அதில் செலவு போக எவ்வளவு மிச்சம் என்று அடுத்த கேள்வியைப் போட்டிருக்கலாம்.

ஒற்றைச் சொல் பதில் வந்தால்

தொலைக்காட்சி நிருபர் டேவிட் ஆல்ட்ரிட்ஜ் ஒருமுறை கேட்ட இரண்டு கேள்விக்கும் பாபோவிச் “டர்ன்ஓவர்ஸ்” என்ற ஒரே சொல்லைப் பதிலாகச் சொன்னார். வேடிக்கையாகப் பகிரப்பட்ட காட்சி அது. ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள், அது பதில்தான். தன் அணி பந்தைக் கோட்டைவிடுகிறது, மற்றதெல்லாம் அதற்கு அப்புறம் என்கிறார். நல்ல நிருபர் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு மேலே போகலாம். எந்த மாதிரி டர்ன்ஓவர்? பாஸ் தவறியா, நெரிசலில் பந்தைத் தட்டிக்கொண்டு நுழைந்தா? அணி முழுக்கவா, ஒருவரிடமா?

மௌனத்தைக் கண்டு பதறாதீர்கள். கோச் பதில் சொல்லி முடித்ததாகத் தோன்றினாலும் இரண்டு நொடி பொறுங்கள். பலர் அந்த இடைவெளியில்தான் உண்மையான வாக்கியத்தைச் சொல்வார்கள். பதிலுக்கு முறைப்பதும் வேண்டாம், அசட்டுச் சிரிப்பும் வேண்டாம். “நன்றி கோச்” என்று சொல்லி உட்காருங்கள்.

நேரம்

என்பிஏ-யில் கோச் நிருபர்களைச் சந்திப்பது ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மணி நேரம் முன்பும், ஆட்டம் முடிந்து ஆட்டக்காரர்கள் சற்று ஆசுவாசப்பட்ட பிறகும். இவை தவிரப் பயிற்சி நாட்கள். புதியவர்கள் ஆட்டம் முடிந்த சந்திப்பையே நம்பியிருக்கிறார்கள். கூட்டம் அதிகம், கோபமும் அதிகம் உள்ள நேரம் அது. தந்திரம் பற்றிய கேள்விகளைப் பயிற்சி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டப் போட்டியோ கல்லூரிப் போட்டியோ, எங்கே போனாலும் இது பொருந்தும்.

திரும்பத் திரும்பப் போய் நிற்பது

கிரெய்க் சேகர் டிஎன்டி தொலைக்காட்சியின் ஆடுகள ஓர நிருபர். கண்ணைப் பறிக்கும் வண்ணக் கோட்டுகள்தான் அவர் அடையாளம். பாபோவிச் அவர் உடையைக் கிண்டல் செய்வார், கேள்வியை வெட்டுவார், பாதியில் நகர்ந்துவிடுவார். சேகர் அடுத்த முறையும் மலர்ந்த முகத்தோடு மைக்கோடு நிற்பார். ஆண்டுக்கணக்கில் இது ஓடியது.

2014 ஏப்ரலில் சேகருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. அந்த மாதமே பட்டத்துக்காக நடந்த பிளே-ஆஃப் ஆட்டத்தில் அவருடைய மகன் அப்பாவின் இடத்தில் நின்று பாபோவிச்சைப் பேட்டி கண்டார். கேள்விக்குப் பதில் சொல்லி முடித்ததும் கோச் நகரவில்லை. நீ நன்றாகச் செய்தாய், ஆனாலும் உன் அப்பா இங்கே நிற்பதையே விரும்புவேன் என்று பையனிடம் சொன்னார். பிறகு கேமராவை நேராகப் பார்த்து, சீக்கிரம் களத்துக்குத் திரும்பி வா, இனி நல்லபடியாக நடந்துகொள்கிறேன் என்று சேகருக்கு வாக்குக் கொடுத்தார். சிகிச்சைக்குப் பின் சேகர் மீண்டும் மைக்கோடு வந்து நின்றபோது, இந்தப் பேட்டியை நான் ரசிப்பது இதுதான் முதல் தடவை என்றார் பாபோவிச். 2016 டிசம்பர் 15 அன்று சேகர் இறந்தார். வேலையில் அவ்வளவு கெட்டிக்காரர், மனிதராக அதைவிட மேலானவர் என்று பாபோவிச் அன்று பேசியதில் பழைய முரட்டுத்தனத்தின் சுவடே இல்லை.

நான் புதியவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது இந்தக் கதையைத்தான். சேகர் கோச்சுக்கு ஜால்ரா போட்டதில்லை, பதிலுக்குச் சீறியதும் இல்லை. தன் வேலையைச் செய்ய ஒவ்வொரு முறையும் வந்து நின்றார்.

எங்கே நிறுத்த வேண்டும்

சிடுசிடுப்பு வேறு, அடாவடி வேறு. இந்தியானா பல்கலைக்கழக அணியின் கோச் பாபி நைட் மூன்று தேசியப் பட்டங்கள் வென்றவர். 1985-இல் ஆட்டத்தின் நடுவே நாற்காலியைத் தூக்கிக் களத்துக்குள் எறிந்தவரும் அவர்தான். நிருபர்களைக் கேவலமாகப் பேசுவது அவருக்குச் சர்வசாதாரணம். ‘அவர் அப்படித்தான்’ என்று பலர் பல வருடம் விட்டுவிட்டார்கள். 2000 மார்ச்சில் சிஎன்என்-ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் தொலைக்காட்சி ஒரு செய்தி வெளியிட்டது. 1997-இல் நடந்த பயிற்சியில் நைட் தன் கழுத்தைப் பிடித்ததாக முன்னாள் ஆட்டக்காரர் நீல் ரீட் அதில் சொன்னார். நைட் மறுத்தார். அடுத்த மாதம் அந்தப் பயிற்சியின் வீடியோ ஒளிபரப்பானது. அதே செப்டம்பரில் பல்கலைக்கழகம் அவரை வேலையிலிருந்து நீக்கியது.

கோச்சோடு நல்லுறவு வேண்டும் என்ற ஆசையில் இந்த மாதிரிச் செய்தி கண்ணுக்கு முன்னால் இருந்தும் எழுதாமல் விட்டால், நாம் செய்தது பத்திரிகை வேலையே அல்ல. உங்களிடம் கடுகடுப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். இருபது வயது ஆட்டக்காரர்மேல் கை வைப்பதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. அணியை விட்டுப் போனவர்களின் தொடர்பு எண்களை வைத்திருங்கள், அவ்வப்போது பேசுங்கள். உள்ளே இருப்பவர்கள் பயத்தில் மறைப்பதைப் பெரும்பாலும் வெளியே போனவர்கள்தான் சொல்வார்கள்.

செய்தியாக எழுதும்போது

கோச் கோபப்பட்டதையே தலைப்பாக்காதீர்கள். அன்றைக்குப் படிக்க ஆள் வரும், அடுத்த சீசன் முழுக்க உங்களுக்குப் பதில் வராது. அதைவிட முக்கியம், ஆட்டத்தைப் பற்றி வாசகருக்கு நீங்கள் ஒன்றுமே சொல்லியிருக்க மாட்டீர்கள். பதிலைப் போடும்போது கேள்வியையும் சேர்த்துப் போடுங்கள், அப்போதுதான் அந்தப் பதில் ஏன் அப்படி வந்தது என்று படிப்பவருக்குப் புரியும். ஒலிப்பதிவை அழிக்காதீர்கள். “நான் அப்படிச் சொல்லவே இல்லை” என்ற போன் என்றைக்காவது வரும்.

அவரைக் குறை சொல்லி எழுதியிருந்தால் மறுநாள் பயிற்சிக்குக் கட்டாயம் போங்கள், பின்வரிசையில் ஒளியாமல் அவர் கண்ணில் படுகிற இடத்தில் நில்லுங்கள். திட்ட வேண்டுமானால் நேரில் திட்டட்டும். எழுதியதில் தகவல் பிழை இருப்பதாகச் சுட்டிக்காட்டினால், சரிபார்த்து அன்றே திருத்தம் போடுங்கள். கருத்துதான் பிடிக்கவில்லை என்றால் கேட்டுக்கொண்டு, நோட்டைத் திறந்து, அன்றைய முதல் கேள்வியைக் கேளுங்கள்.